பினாங்குத் தீவில் போக்குவரத்து

பினாங்குத் தீவில் போக்குவரத்து என்பது மலேசியத் தீபகற்பத்தின் வடமேற்குக் கரையோரம் அமைந்துள்ள பினாங்குத் தீவை அடைவதற்கும், தீவினுள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வதற்கும் உள்ள வழிகளைக் குறிக்கும். ஏறத்தாழ 300 சதுர கி.மீ. பரப்பளவு கொண்ட இத்தீவில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 8 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். சுற்றுலாத் தீவுகள் பலவற்றில் வருகையாளர் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுக்காமல் நகர முடிவதில்லை. வடக்கே உள்ள லங்காவித் தீவு இதற்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டாகும். பினாங்கு அவ்வாறன்று. இது சுற்றுலாத் தலமாவதற்கு நெடுங்காலம் முன்பே துறைமுக நகரமாக இருந்ததால், உள்ளூர் மக்கள் வேலைக்கும் சந்தைக்கும் செல்லும் அதே பேருந்திலும் படகிலும் வருகையாளரும் தீவின் பெரும்பகுதியைச் சுற்றி வர இயலும். எனினும் 1985 இல் தீவு பாலத்தால் பெருநிலத்துடன் இணைக்கப்பட்டதிலிருந்து மகிழுந்துகள் பெருகி, இவ்வசதி மெல்ல மெல்லக் குறுகி வந்துள்ளது.

நில அமைப்பும் சாலைகளும்

தீவின் நடுப்பகுதி காடடர்ந்த மலைத்தொடராகும். இதன் உயர்ந்த பகுதியான பினாங்கு மலை கடல் மட்டத்திலிருந்து 833 மீ. உயரமுடையது. சமவெளி கிழக்குக் கரையில் அகலமாகவும், வடக்கில் மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு சிறு நாடாவைப் போலவும், மேற்கில் வயல்களும் தோப்புகளும் நிறைந்த தனிப்பகுதியாகவும் உள்ளது. ஆகவே சாலைகள் பெரும்பாலும் மலையைச் சுற்றியே செல்கின்றன. நிலப்படத்தில் அருகருகே தெரியும் இரு ஊர்களுக்கிடையே பயணம் நீளமாக இருப்பதன் காரணம் இதுவே. முழுச் சுற்று ஏறத்தாழ 70 கி.மீ. ஆகும்.

ஊர்ப் பெயர்களே இந்த அமைப்பைச் சொல்கின்றன. மேற்கிலுள்ள சிறு நகரான பாலிக் புலாவ் என்பதற்கு மலாய் மொழியில் "தீவின் பின்புறம்" என்று பொருள். வடகரையின் கடற்கரை விடுதிகள் அமைந்துள்ள பத்து பெரிங்கி என்பதற்கு "அயலார் பாறை" என்று பொருள் கொள்ளலாம். இதிலுள்ள பெரிங்கியும் தமிழில் ஐரோப்பியரைக் குறித்து வழங்கும் பறங்கியும் ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்களாகும்.

வடகரையில் ஜோர்ஜ் டவுனிலிருந்து தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் புங்கா வழியாகப் பத்து பெரிங்கி வரை செல்லும் கரையோரச் சாலைக்கு மாற்று வழி கிடையாது. பள்ளி விடுமுறை நாட்களிலும் வார இறுதி மாலைகளிலும் இச்சாலையில் வண்டிகள் ஊர்ந்தே செல்லும். பத்து பெரிங்கியில் தங்குபவர் நகருக்குச் சென்று திரும்பவோ வானூர்தி நிலையம் செல்லவோ கூடுதல் நேரம் ஒதுக்கிக் கொள்வது அவசியம். மலைச்சரிவுகளை ஒட்டிய சாலைகள் பெருமழையில் பாதிக்கப்படுவதும் உண்டு. 2017 நவம்பர் 4, 5 நாட்களில் பெய்த மழையில் தீவின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின, சரிவுகள் இடிந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன. பொதுவாகச் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதியான காலமாகும்.

தீவை அடைதல்

1985 வரை தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே சாலைத் தொடர்பு இல்லை. எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கும் ஜோர்ஜ் டவுனுக்கும் இடையேயான பயணப் படகுச் சேவையே தீவின் வாயிலாக விளங்கியது. பேச்சுவழக்கில் பெர்ரி எனப்படும் இச்சேவை 1894 இல் தொடங்கப்பட்டது. மலேசியாவின் மிகப் பழைய படகுச் சேவை இதுவாகும். மகிழுந்துகளையும் மக்களையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் அகன்ற இரட்டைத் தளப் படகுகள் பின்னாளில் பினாங்கின் அடையாளங்களுள் ஒன்றாயின.

13.5 கி.மீ. நீளமுள்ள பினாங்குப் பாலம் 1985 இல் திறக்கப்பட்டது. இதில் 8.4 கி.மீ. கடலின் மீது அமைந்துள்ளது. தெற்கே பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கும் 24 கி.மீ. நீளமான இரண்டாம் பாலம் 2014 மார்ச்சு 1 அன்று திறக்கப்பட்டது. இரு பாலங்களிலும் தீவுக்குள் வரும் திசையில் மட்டுமே சுங்கக் கட்டணம் வாங்கப்படுகிறது. மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 சனவரி முதல் கட்டணம் இல்லை.

பாலம் வந்ததும் படகு உடனே மறைந்துவிடவில்லை. 1988 சூலை 31 அன்று திருவிழாக் கூட்டத்தின் எடை தாங்காமல் பட்டர்வொர்த் படகு முனையம் இடிந்து 32 பேர் உயிரிழந்தனர். பாலம் திறந்து மூன்று ஆண்டுகள் ஆன பின்பும் எவ்வளவு பேர் படகை நம்பியிருந்தனர் என்பதை இத்துயர நிகழ்வு காட்டுகிறது. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் படகுகளின் எண்ணிக்கை குறைந்து கொண்டே வந்தது. 2021 சனவரி முதல் நான்கு சக்கர வண்டிகள் ஏற்றப்படுவது நிறுத்தப்பட்டது. 2023 ஆகத்து மாதம் பழைய படகுகளின் இடத்தில் நான்கு புதிய படகுகள் சேவைக்கு வந்தன. இவற்றில் நடந்து வருவோரும், மோட்டார் சைக்கிள்களும், மிதிவண்டிகளும் செல்லலாம். மகிழுந்தில் வருவோருக்கு இன்று பாலங்களைத் தவிர வேறு வழியில்லை.

இருப்பினும், கையில் ஒரு பையுடன் வரும் பயணிக்குப் படகே சிறந்த வழி எனலாம். கோலாலம்பூரிலிருந்து வரும் மின்சாரத் தொடருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த்தை அடைகிறது. தொடருந்து நிலையம், பினாங்கு சென்ட்ரல் எனும் பேருந்து முனையம், படகுத்துறை ஆகிய மூன்றும் ஒன்றையொட்டி ஒன்று அமைந்துள்ளன. நீரிணையைக் கடக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. இறங்கும் இடம் பழைய நகரின் நடுவிலேயே உள்ளது. நீண்டதூரப் பேருந்துகளுள் சில தீவிலுள்ள சுங்கை நீபோங் நிலையத்திலும் வேறு சில பட்டர்வொர்த்திலும் நின்றுவிடுவதால், பயணச் சீட்டு வாங்கும்போது எது என்று பார்த்துக் கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடையே கடல் இருக்கிறது.

பினாங்குப் பன்னாட்டு வானூர்தி நிலையம் தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாசில், ஜோர்ஜ் டவுனுக்கு 16 கி.மீ. தெற்கே உள்ளது. 1935 இல் திறக்கப்பட்ட இந்நிலையத்துக்கும் சென்னைக்கும் இடையே 2024 டிசம்பரில் நேரடிச் சேவை தொடங்கப்பட்டது. அதற்கு முன் தமிழகத்திலிருந்து நேரடியாகப் பினாங்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் கடல்வழி வந்தவர்களே. இரசூலா, சிதம்பரம் ஆகிய கப்பல்களின் பெயர்கள் இன்றும் முதியவர்களிடையே பேசப்படுகின்றன. சென்னை - பினாங்கு - சிங்கப்பூர் வழியில் சென்ற சிதம்பரம் கப்பல் 1985 பெப்ரவரியில் தீப்பற்றியதுடன் அச்சேவை முடிவுற்றது. பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

பேருந்துகள்

பினாங்கில் பொதுப் போக்குவரத்தின் வரலாறு நீண்டது. 1880களில் நீராவி டிராம் வண்டிகளும், 1906 முதல் மின்சார டிராம்களும் ஓடின. 1925 இல் மின்கம்பியிலிருந்து ஆற்றல் பெறும் டிராலி பேருந்துகள் அறிமுகமாயின. டிராம்கள் 1936 இலும் டிராலி பேருந்துகள் 1961 இலும் நிறுத்தப்பட்டன. பினாங்குச் சாலையும் சூலியா தெருவும் சந்திக்கும் இடத்தில் சாலைப் பணியின்போது வெளிப்பட்ட பழைய தண்டவாளத்தின் ஒரு பகுதி மக்கள் பார்வைக்கு விடப்பட்டுள்ளது.

பின்னர் தனியார் பேருந்துகள் நிறங்களால் அறியப்பட்டன: வடகரைக்கு நீலம், ஆயர் ஈத்தாமுக்குப் பச்சை, தெற்குக்கும் பாலிக் புலாவுக்கும் மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து ஏறிவிடலாம் என்பது இம்முறையின் சிறப்பு. நீலப் பேருந்துகளின் பழைய பணிமனை இப்போது கலைக்கூடமாக உள்ளது. 1990களிலும் அதன் பின்னும் இந்நிறுவனங்கள் நலிவடைந்து, சேவை நம்பத்தகாததாயிற்று. 2007 சூலை 31 அன்று அரசு சார்ந்த ரேபிட் பினாங்கு நிறுவனம் 150 பேருந்துகளுடன் தொடங்கப்பட்ட பின்னரே நிலைமை சீரானது.

இன்றைய தட எண்களில் நிறத்துக்குப் பதிலாக முதல் இலக்கம் திசையைக் காட்டுகிறது. நூறுகளில் தொடங்குபவை வடகரைக்கும், இருநூறுகள் ஆயர் ஈத்தாம் பக்கமும், முந்நூறுகளும் நானூறுகளும் தெற்கே பாயான் லெப்பாஸ் பக்கமும், ஐந்நூறுகள் பாலிக் புலாவ் வட்டாரத்திலும் செல்கின்றன. இந்த ஒழுங்கு புரிந்துவிட்டால் வழித்தட அட்டவணையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வருகையாளருக்கு மிகவும் பயன்படுபவை: பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பகாங் செல்லும் 101, கெக் லோக் சீ புத்த கோயில் வழியே பினாங்கு மலையடிவாரம் செல்லும் 204, வானூர்தி நிலையம் வழியாகப் பாலிக் புலாவ் செல்லும் 401, வானூர்தி நிலையத்தையும் தெலுக் பகாங்கையும் இணைக்கும் 102 ஆகியன. பெரும்பாலான தடங்கள் படகுத்துறை முனையத்தில் தொடங்கி, நகரின் எப்பகுதியிலிருந்தும் தெரியும் கொம்தார் கோபுரத்தின் அடியில் நின்று செல்கின்றன. வழி தவறியவர் கொம்தாரை நோக்கி நடந்தால் பேருந்து கிடைக்கும்.

கட்டணம் தொலைவைப் பொறுத்தது. ஏறும்போதே செல்லுமிடத்தை ஓட்டுநரிடம் சொல்லிச் செலுத்த வேண்டும். பணமாகச் செலுத்துவோருக்கு மீதிச் சில்லறை தரப்படுவதில்லை என்பதால் ஒரு ரிங்கிட் தாள்களையும் நாணயங்களையும் வைத்திருப்பது நல்லது. பழைய நகருக்குள் மட்டும் சுற்றும் இலவசப் பேருந்து ஒன்றும் உண்டு. பேருந்துகளின் குறை வேகமன்று, இடைவெளியே. தனித் தடம் இல்லாததால் அவை மகிழுந்து நெரிசலிலேயே சிக்குகின்றன. வரவேண்டிய இரண்டு பேருந்துகள் நெடுநேரம் கழித்து ஒன்றன்பின் ஒன்றாக வருவது வழக்கமான காட்சியாகும்.

ஜோர்ஜ் டவுனில் நடைப்பயணம்

2008 இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெசுக்கோவின் உலக மரபுரிமைக் களமாக அறிவிக்கப்பட்ட பழைய நகரை நடந்து பார்ப்பதே முறை. தெருக்கள் குறுகியவை, பெரும்பாலும் ஒருவழிப் பாதைகள், வண்டி நிறுத்த இடம் அரிது.

கடைவீடுகளின் முன்புறம் மேல்மாடியின் கீழ் அமைந்த நிழல் நடைபாதை மலாயில் காக்கி லீமா என்றும், மலேசியத் தமிழரிடையே அஞ்சடி என்றும் வழங்குகிறது. ஐந்தடி அகலம் என்பதே இரண்டுக்கும் பொருள். வெயிலும் திடீர் மழையும் உள்ள ஊரில் நடப்பவருக்காக விடப்பட்ட இவ்வழியைப் பல இடங்களில் கடைச் சரக்குகளும் மோட்டார் சைக்கிள்களும் அடைத்துக் கொள்கின்றன. அங்கெல்லாம் நடப்பவர் சாலையில் இறங்கி ஏற வேண்டியுள்ளது. தரை மட்டமும் வீட்டுக்கு வீடு மாறுபடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்நகர் இன்னும் கடினமானதே.

தெருப் பெயர்கள் மற்றொரு சிக்கல். பலகையில் மலாய்ப் பெயரும், முதியவர் வாயில் ஆங்கிலப் பெயரும், சீனரிடையே ஆக்கியான் பெயரும், தமிழரிடையே தமிழ்ப் பெயரும் வழங்கக் காணலாம். லெபு பந்தாய் என்பதும் பீச் தெரு என்பதும் ஒன்றே. நகரின் வடக்குக் கரையோரச் சாலையான ஜாலான் சுல்தான் அகமது சா பலருக்கு இன்றும் நார்தம் சாலைதான். லிட்டில் இந்தியாவிலுள்ள லெபு பாசார் தமிழருக்குக் கடைத்தெரு. பிட் தெருவின் பெரும்பகுதி இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் எனப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பள்ளிவாசலை நிறுவிய தமிழ் முசுலிம் தலைவர் காதிர் மொகிதீனின் பதவிப் பெயரே தெருவுக்கும் பெயராயிற்று. சூலியா தெருவின் பெயரும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்களைக் குறித்த சொல்லாகும். வழி கேட்பவர் தெருப் பெயரைவிட அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல், சந்தை ஆகியவற்றின் பெயரைச் சொல்லிக் கேட்பது விரைவில் பயன் தரும்.

கைரிக்சாவுக்குப் பின் வந்த மூன்று சக்கர மிதிவண்டி பெச்சா எனப்படுகிறது. மலாக்காவில் பயணி ஓட்டுநரின் பக்கவாட்டில் அமர்வார். பினாங்கிலோ பயணி முன்னாலும் ஓட்டுநர் பின்னாலும் இருப்பர். எதிரே வரும் பேருந்தைப் பயணியே முதலில் சந்திக்கிறார் என்று இதை வேடிக்கையாகக் கூறுவதுண்டு. ஒரு காலத்தில் பள்ளிச் சிறுவரும் சந்தைக்குச் செல்லும் பெண்களும் நம்பியிருந்த இவ்வண்டி இன்று பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகவே ஓடுகிறது. ஓட்டுநருள் பலர் முதியவர்கள். ஏறுமுன் தொகையையும் நேரத்தையும் பேசி முடிவு செய்து கொள்ள வேண்டும்.

பினாங்கு மலைத் தொடருந்து

ஆயர் ஈத்தாமிலிருந்து மலைமேல் செல்லும் கம்பிவட இழுவைத் தொடருந்து 1923 இல் ஓடத் தொடங்கியது. 1924 சனவரி 1 அன்று முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கொள்ளப்பட்ட முதல் முயற்சி தோல்வியடைந்திருந்தது. பழைய அமைப்பில் பாதை இரு பகுதிகளாக இருந்ததால் நடு நிலையத்தில் வண்டி மாற வேண்டும், பயணம் அரை மணி நேரம் நீடிக்கும். 2010 இல் இச்சேவை நிறுத்தப்பட்டு, 2011 இல் இடையில் மாறாமல் செல்லும் புதிய வண்டிகள் வந்தன. சுமார் 2 கி.மீ. நீளமுள்ள பாதையை இவை பத்து நிமிடங்களுக்குள் கடக்கின்றன. மரப்பெட்டிகளின் மெதுவான பயணத்தை விரும்பியவர்கள் இம்மாற்றத்தை வரவேற்கவில்லை. ஆனால் வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பவர் அதன் தேவையை மறுக்க முடியாது. வெளிநாட்டவருக்கான கட்டணம் மலேசியருக்கானதைவிடக் கூடுதலாகும். விடுமுறை நாட்களில் காலையிலேயே செல்வது நன்று. தாவரவியல் பூங்காவிலிருந்து செங்குத்தான ஜீப் பாதை வழியே நடந்தும் ஏறலாம். ஏறி நடந்து, இறங்கும்போது வண்டியில் வருவோர் பலர்.

வாடகை வண்டிகள்

பினாங்கின் டாக்சிகளில் கட்டணமானி பொருத்தப்பட்டிருந்தும் அதனைப் பயன்படுத்தாமல் பேரம் பேசுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. கைபேசிச் செயலி வழி அழைக்கும் கிராப் போன்ற சேவைகள் வந்த பின், ஏறுமுன்னரே கட்டணம் தெரிந்துவிடுவதால் இச்சிக்கல் பெரிதும் தீர்ந்தது. மூவர் அல்லது நால்வராகச் செல்பவருக்கு இது பேருந்துக்குச் சற்றே கூடுதலான செலவில் முடிந்துவிடும். அதனாலேயே பேருந்தின் பயணிகளும் குறைகின்றனர் என்பது இதன் மறுபக்கம்.

மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எளிதில் கிடைக்கும். இந்தியா, இலங்கை போலவே இங்கும் சாலையின் இடப்புறம் செல்வதால் பழகியது போலத் தோன்றும். ஆயினும் மலேசியச் சாலை இறப்புகளில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். தலைக்கவசம் ஓட்டுநருக்கும் பின்னிருப்பவருக்கும் கட்டாயம். மகிழுந்து உரிமம் மட்டும் வைத்திருப்பவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது. விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் உரிமத்தையே. தெலுக் பகாங்குக்கும் பாலிக் புலாவுக்கும் இடையிலுள்ள காட்டு வழிச் சாலை அழகானது. ஆனால் வளைவுகள் அடுத்தடுத்து வருவதாலும் மழையில் வழுக்குவதாலும் புதியவர் அங்கு ஓட்டிப் பழகுவது தகாது.

தேசியப் பூங்கா

தீவின் வடமேற்கு மூலை 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இதனுள் சாலை கிடையாது. 101 பேருந்தின் கடைசி நிறுத்தமான தெலுக் பகாங்கில் இறங்கி, நுழைவாயிலில் பதிவு செய்துகொண்டு நடந்து செல்ல வேண்டும். ஒரு பாதை கரையோரமாகக் குரங்குக் கடற்கரைக்கும், மற்றொன்று காட்டினூடாக ஆமைகள் முட்டையிடும் பந்தாய் கெராச்சூட்டுக்கும் செல்கிறது. திரும்புவதற்குப் படகு பிடிக்கலாம். கடல் கொந்தளிப்பாக உள்ள நாளில் படகு வராமற் போகலாம் என்பதால், நடந்தே திரும்பும் அளவு நேரமும் குடிநீரும் வைத்திருக்க வேண்டும்.

தைப்பூச நாட்கள்

தைப்பூசத்தின்போது நகரின் போக்குவரத்து முற்றிலும் மாறிவிடுகிறது. லிட்டில் இந்தியாப் பகுதியிலிருந்து முருகனின் தேர்கள் தண்ணீர்மலைக் கோயிலை நோக்கிப் புறப்படுகின்றன. நகரத்தாரின் வெள்ளித் தேருடன் 2017 முதல் தங்கத் தேரும் செல்கிறது. வழிநெடுகச் சிதறு தேங்காய் உடைக்கப்படுவதால் சில கி.மீ. தொலைவைக் கடக்கத் தேருக்கு ஒரு முழு நாள் ஆகும். அத்தெருக்கள் மூடப்பட்டு, பேருந்துகள் வேறு வழிகளில் திருப்பிவிடப்படுகின்றன. அந்நாட்களில் வானூர்தி பிடிக்க வேண்டியவர் நகரின் தெற்கே தங்குவது நலம். மற்றவர்கள் வண்டியைத் தொலைவில் விட்டுவிட்டு மக்களோடு நடந்து சென்றுவிடலாம்.

மின் தொடருந்துத் திட்டம்

டிராலி பேருந்துகள் நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலான நிலையில், மீண்டும் மின்சாரப் பொதுப் போக்குவரத்து அமைக்கப்படுகிறது. முத்தியாரா வழித்தடம் எனப்படும் இலகு தொடருந்துப் பாதையின் பணிகள் 2025 சனவரியில் முறைப்படி தொடங்கின. தென்கரையில் கடலைத் தூர்த்து உருவாக்கப்படும் செயற்கைத் தீவிலிருந்து வானூர்தி நிலையம், கொம்தார் வழியாகச் சென்று, நீரிணையைக் கடந்து பினாங்கு சென்ட்ரலை அடையும் இப்பாதை 2031 இல் நிறைவுறும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது. முதலில் மூன்று செயற்கைத் தீவுகள் அமைப்பதாக இருந்த திட்டம், மீனவர்களின் எதிர்ப்புக்குப் பின் 2023 இல் ஒரே தீவாகக் குறைக்கப்பட்டது. தங்கள் மீன்பிடி நிலம் அழியும் என்பது அம்மீனவர்களின் வாதமாகும். வடகரையின் பத்து பெரிங்கி இத்தடத்தில் இடம்பெறவில்லை. அங்கு செல்வோருக்கு 101 பேருந்தே தொடரும்.